பொன் பூத்த ஏடுகள்

ஐரோப்பிய இடைக்காலத்துப் பொன்னோவியச் சுவடிகளைச் சுவைக்கத் தஞ்சையிலேயே கண்ணைப் பழக்கலாம் என்பது என் கருத்து.

1798 முதல் 1832 வரை அரசிருந்த இரண்டாம் சரபோஜி மன்னர் பேணி வளர்த்த சரசுவதி மகாலில், கஜ சாத்திரப் படச்சுவடியை நான் கண்டு வியந்ததுண்டு. எழுத்தும் ஓவியமும் அங்கே உடன்பிறந்தாராய் நிற்கும். ஐரோப்பியரும் அவ்வாறே செய்தனர். அவர்தம் ஏடு பதப்படுத்திய கன்றுத்தோல்.

அத்தோலில் சுண்ணக் கலவையால் மேடிட்டு, அதன்மேல் பொன்ரேக்கு ஒட்டி மெருகிட்டனர். தஞ்சை ஓவியர் பலகையில் செய்வதும் ஏறக்குறைய இதுவே. மேடிடுவது ஏன்? விளக்குச் சுடர் அசையும்போது மேடுற்ற பொன் பல திசையிலும் ஒளி வீசும். அசையாத வெளிச்சத்தில் அதன் பாதியழகே புலப்படும்.

15-ஆம் நூற்றாண்டில் லிம்பூர்க் சகோதரர் பெர்ரிக் கோமகனுக்குத் தீட்டிய வழிபாட்டு நூலைக் கேளுங்கள். மார்ச்சுத் திங்களின் ஏட்டில், கோட்டைக்கு முன்னே உழவன் ஒருவன் எருது பூட்டி உழுகிறான். காவிரிக்கரை உழவர் அவனை அயலான் என்னார்.

ஆயினும், பொன்னை மட்டும் கண்டு மீள்வது கல்வியன்று. சரசுவதி மகாலில் மோடி எழுத்தில் அமைந்த மராத்திய ஆவணங்களும் உள்ளன. அவற்றைப் படிக்கவல்லார் இன்று சிலரே. கரையான் அரித்த ஏடு அழியும். படிப்பாரற்ற ஏடோ இருந்தும் ஊமையாகும். பழைய எழுத்தொன்றையேனும் கற்று, அவ்வேடுகளைப் பேச வையுங்கள்.