டாட்டாவும் பிலாயும்: முதலாளி மாறினால் வேலை மாறுமா?

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், இன்றைய சத்தீஸ்கரில் உள்ள தல்லி–ராஜ்ஹரா மலைகளைப் பார்த்துவிட்டு ஒரு குழு திரும்பிப் போனது. அதில் ஜாம்ஷெட்ஜி டாட்டாவின் மகன் தொராப்ஜியும், அமெரிக்க நிலவியலாளர் சி. எம். வெல்டும் இருந்தார்கள். மலை முழுக்க நல்ல இரும்புத் தாது. ஆனால் கோக் தயாரிக்கும் நிலக்கரி பக்கத்தில் இல்லை, தண்ணீரும் போதாது. 1904இல் மயூர்பஞ்ச் சமஸ்தானத்திலிருந்து நிலவியலாளர் பி. என். போஸ், அங்கே குருமைசானி மலையில் தாது இருப்பதாகக் கடிதம் எழுதினார். டாட்டாவின் ஆலை கிழக்கே நகர்ந்து, சுவர்ணரேகாவும் கர்காயும் கூடும் சாக்சி கிராமத்தில் நின்றது. ஐம்பது ஆண்டு கழித்து, டாட்டா விட்டுப்போன அதே தாதுவை நம்பி, சோவியத் உதவியோடு இந்திய அரசு பிலாயில் ஆலை கட்டியது.

தனியார், பொதுத்துறை என்ற வாதத்துக்கு இந்த இரண்டு ஆலைகளைப் போல் வசதியான ஜோடி கிடையாது. தொழிலாளியை அன்பாக நடத்திய முதலாளிக்கு டாட்டாவைக் காட்டுவார் ஒருவர். தொழிலாளிக்கு உரிமை கொடுத்த அரசுக்கு பிலாயைக் காட்டுவார் இன்னொருவர். இருவர் சொல்வதிலும் உண்மை உண்டு. ஆனால் இருவருமே நிரந்தரத் தொழிலாளியைப் பற்றி மட்டும்தான் பேசுகிறார்கள். ஒப்பந்தத் தொழிலாளியையும் கணக்கில் சேர்த்தால், இரண்டு ஆலைகளுக்கும் இடையே உள்ள வேறுபாட்டைவிட, ஒவ்வோர் ஆலைக்குள்ளும் இருக்கும் வேறுபாடுதான் பெரிதாகத் தெரிகிறது.

இரண்டு பிறப்புகள்

டாட்டா இரும்பு எஃகு நிறுவனம் 1907 ஆகஸ்ட் 26 அன்று பதிவானது. லண்டன் பணச் சந்தை கைவிரித்த பிறகு, மூன்றே வாரத்தில் சுமார் 8,000 இந்தியர்கள் பங்கு வாங்கி மூலதனத்தைத் திரட்டிக் கொடுத்தார்கள். 1911 டிசம்பரில் இரும்பு, 1912 பிப்ரவரியில் எஃகு. முதல் உலகப் போரில் மெசபடோமியாவுக்குத் தண்டவாளம் போனது. 1919இல் வைஸ்ராய் செம்ஸ்ஃபோர்ட் நேரில் வந்து, சாக்சிக்கு ஜாம்ஷெட்பூர் என்று பெயர் சூட்டினார். போர் முடிந்ததும் வெளிநாட்டு எஃகு மலிவாக வந்து குவிய, நிறுவனம் மூழ்கும் நிலைக்குப் போனது. 1924இல் அரசு கொண்டுவந்த பாதுகாப்புச் சுங்கவரிதான் கரை சேர்த்தது. தனியார் ஆலை என்று நாம் சொல்வதுகூட அரசின் தயவில்லாமல் நின்றதல்ல.

பிலாய்க்கான ஒப்பந்தம் 1955 பிப்ரவரியில் சோவியத் யூனியனோடு கையெழுத்தானது. முதல் ஊது உலையை 1959 பிப்ரவரி 4 அன்று குடியரசுத் தலைவர் ராஜேந்திர பிரசாத் தொடங்கிவைத்தார். மேற்கு ஜெர்மனி உதவிய ரூர்கேலா, பிரிட்டன் உதவிய துர்காப்பூர் இரண்டும் அதன் உடன்பிறப்புகள். முதலில் ஹிந்துஸ்தான் ஸ்டீலின் கீழ் இருந்த இந்த ஆலைகள், 1973இல் உருவான செயில் நிறுவனத்துக்குள் வந்தன. இந்திய ரயில்வே இன்றும் பெருமளவுக்கு பிலாய்த் தண்டவாளத்தின் மேல்தான் ஓடுகிறது.

நிலம் கொடுத்தவர்கள் இரண்டு இடத்திலும் கிராமத்தார்தான். ஆலை வேலைக்கு முந்திக்கொண்டு வந்தவர்கள் பெரும்பாலும் வெளியூர்க்காரர்கள். பிலாயில் பல பத்தாண்டுகள் களஆய்வு செய்த மானுடவியலாளர் ஜானதன் பாரி, தொடக்கத்தில் உள்ளூர் சத்தீஸ்கர் விவசாயிகள் ஆலையைக் கண்டு ஒதுங்கியதைப் பதிவுசெய்திருக்கிறார். கட்டுமானத்துக்கு நரபலி கொடுக்கிறார்கள் என்ற வதந்திகூட அப்போது உலவியது. ஆலை வேலையின் அருமை அவர்களுக்குத் தெரியவந்தபோது, வெளியூர்க்காரர்கள் பலர் ஏற்கெனவே உள்ளே இருந்தார்கள்.

சலுகைப் பட்டியலும் வேலைநிறுத்தப் பட்டியலும்

டாட்டாவின் பெருமைக்கு ஆதாரமாக ஒரு பட்டியல் எப்போதும் எடுத்துக் காட்டப்படும். எட்டு மணி நேர வேலை 1912இல்; சட்டம் அதை 1948இல்தான் கேட்டது. இலவச மருத்துவம் 1915. சம்பளத்தோடு விடுப்பு, வருங்கால வைப்பு நிதி, விபத்து இழப்பீடு மூன்றும் 1920. பேறுகால உதவி 1928. லாபத்தில் பங்கு தரும் போனஸ் 1934. போனஸ் சட்டம் 1965இல் வந்தது. பணிக்கொடை 1937, அதற்கான சட்டம் 1972இல் வந்தது. பட்டியலில் பொய் இல்லை. இதில் பலவற்றைச் சட்டத்துக்கு முப்பது ஆண்டு முன்னதாக ஒரு நிறுவனம் செய்தது சாதாரண விஷயமும் இல்லை.

ஆனால் இந்தப் பட்டியலுக்குப் பக்கத்தில் இன்னொரு பட்டியலை வைக்க வேண்டும். 1920 தொடக்கத்தில் ஜாம்ஷெட்பூரில் பெரிய வேலைநிறுத்தம். மார்ச் மாதம் துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் இறந்தார்கள். ஜாம்ஷெட்பூர் தொழிலாளர் சங்கம் பிறந்ததும் அந்த ஆண்டில்தான். 1922இல் மறுபடி வேலைநிறுத்தம். சங்கத்தை அங்கீகரிக்க நிர்வாகம் மறுத்தது. சி. எஃப். ஆண்ட்ரூஸ் இடையில் நின்று பேச, 1925இல் காந்தி நேரில் வந்த பிறகே அந்த முடிச்சு அவிழ்ந்தது. 1928இல் ஆட்குறைப்பை எதிர்த்து மாதக்கணக்கில் வேலைநிறுத்தமும் கதவடைப்பும். சுபாஷ் சந்திர போஸ் சங்கத் தலைமைக்கு வந்தார்.

1920, 1928 என்ற இரண்டு ஆண்டுகளும் இரண்டு பட்டியலிலும் இருக்கின்றன. சலுகை எல்லாம் போராட்டத்தின் விளைவு என்று அதைவைத்துத் தீர்ப்பெழுதிவிட முடியாது. 1912இன் எட்டு மணி நேரத்துக்கு முன்னால் எந்தப் போராட்டமும் இல்லை. ஆனால் நிர்வாகத்தின் நல்ல மனசு மட்டுமே எல்லாவற்றையும் கொடுத்தது என்ற கதையும் நிற்காது. கொடுப்பதில் டாட்டா தாராளமாக இருந்தது. கேட்கும் உரிமையை ஒப்புக்கொள்ளத்தான் அதற்குக் காலம் பிடித்தது.

பிலாய்க்கு இந்தச் சிக்கலே வரவில்லை. அது உற்பத்தி தொடங்கியபோது தொழிற்சாலைச் சட்டத்துக்குப் பத்து வயது ஆகியிருந்தது. வைப்பு நிதிச் சட்டமும் வந்துவிட்டது. ஜாம்ஷெட்பூரில் வள்ளல்தனமாகத் தெரிந்தவை பிலாயில் சட்டப்படியே கிடைத்தன. அதற்கு மேலும் அரசு செய்தது. செக்டர் செக்டராகப் பிரித்த நகரியம், குவார்ட்டர்ஸ், பள்ளிக்கூடங்கள், செக்டர் 9 மருத்துவமனை, இந்திய–சோவியத் நட்பின் பெயரில் மைத்ரி பாக் பூங்கா. பஞ்சாபியும் மலையாளியும் தெலுங்கரும் ஒடியாவும் ஒரே தெருவில் குடியிருந்து, ஒரே பள்ளிக்குப் பிள்ளைகளை அனுப்பும் நாட்டை அங்கே செய்து பார்த்தார்கள்.

பேரம் பேசும் இடம்

டாட்டாவில் ஒரே சங்கம், டாட்டா ஒர்க்கர்ஸ் யூனியன். 1956 ஜனவரியில் ஜே. ஆர். டி. டாட்டா காலத்து நிர்வாகமும் மைக்கேல் ஜான் தலைமையிலான சங்கமும் ஓர் உடன்பாடு செய்தன. எந்த வேலைக்கு எத்தனை ஆள் என்று முடிவுசெய்யும் உரிமையைச் சங்கம் நிர்வாகத்துக்கு விட்டுக்கொடுத்தது. இருக்கும் ஆட்களை வெளியே அனுப்புவதில்லை என்று நிர்வாகம் வாக்குக் கொடுத்தது. கூட்டு ஆலோசனைக் குழுக்கள் பிறந்தன. 1958இல் கம்யூனிஸ்டுகள் தலைமையில் வெடித்த வேலைநிறுத்தம் துப்பாக்கிச் சூட்டில் முடிந்தது. அதன்பிறகு அந்த அளவுக்கு அங்கே ஆலை நின்றதில்லை. தொழில் அமைதி என்று நிறுவனம் கொண்டாடுவது இந்த உடன்பாட்டின் பலனைத்தான்.

பிலாயில் சம்பளம் பிலாயில் முடிவாவதில்லை. 1969இல் அமைந்து, பிறகு எஃகுத் தொழிலுக்கான தேசியக் கூட்டுக் குழுவாக ஆன பேச்சுவார்த்தை மேசையில், மத்தியச் சங்கங்களும் நிர்வாகமும் உட்கார்ந்து எல்லா ஆலைகளுக்குமாகப் பேசுவார்கள். முதல் உடன்பாடு 1970இல் வந்தது. இதனால் உள்ளூர்ச் சங்கத்துக்குச் சம்பளப் போராட்டம் பெரிதாக இல்லாமல் போனது. குவார்ட்டர்ஸ் ஒதுக்கீடு, பதவி உயர்வு, இடமாற்றம், மருத்துவமனை ரெஃபரல் என்று உறுப்பினரின் அன்றாடக் காரியங்களை முடித்துக்கொடுப்பதே அதன் பெரிய வேலையாகிவிட்டது.

ஒரு பக்கம் குடும்பத் தலைவரோடு செய்துகொண்ட உடன்பாடு. மறுபக்கம் டெல்லி மேசையில் போட்ட கையெழுத்து. வழி வேறு, போய்ச் சேர்ந்த இடம் ஒன்று: வேலை நிச்சயமான, நல்ல சம்பளம் வாங்கும், வீடும் மருத்துவமும் உள்ள நிரந்தரத் தொழிலாளி. இதற்கான செலவை யார் தலையில் கட்டினார்கள் என்பதை இனிப் பார்க்க வேண்டும்.

கோக் அடுப்பின் மேல்

எந்த எஃகு ஆலையிலும் மிகக் கடுமையான இடங்களில் ஒன்று கோக் அடுப்பு வரிசையின் மேல்தளம். கீழே ஆயிரம் டிகிரிக்கு மேல் நிலக்கரி வெந்துகொண்டிருக்கும். மேல்தளத்தில் வரிசையாக வாய்கள்; கரியைக் கொட்டியதும் மூடியை நகர்த்தி, வாயு கசியாமல் அடைக்க வேண்டும். தரைச்சூட்டில் ரப்பர் இளகிவிடும் என்பதால் கட்டை அடி வைத்த செருப்பு போட்டு நிற்பார்கள். தார் நெடி, மஞ்சள் புகை. இடைவெளி விட்டு விட்டுத்தான் அங்கே வேலை செய்ய முடியும். நிரந்தரத் தொழிலாளிக்கு அந்த இடைவெளி உண்டு, ஓய்வறை உண்டு, அந்த வேலைக்கேற்ற படியும் உண்டு. அதே தளத்தில் சிந்திய கரியை வாரவும், அடைப்பை எடுக்கவும் கான்ட்ராக்டரின் ஆட்கள் வருவார்கள். சூடு இருவருக்கும் ஒன்று. சம்பளத்தில் பல மடங்கு வித்தியாசம்.

விஷவாயு கேட் பாஸ் பார்ப்பதில்லை. 2014 ஜூனில் பிலாயில் கசிந்த கார்பன் மோனாக்சைடு கொன்ற ஆறு பேரில் துணைப் பொதுமேலாளர்கள் இருவர். 2018 அக்டோபரில் அங்கே எரிவாயுக் குழாயில் நடந்த தீவிபத்தில் பத்துக்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். விபத்து வராத நாளில்தான் வேறுபாடு. பயிற்சி, பாதுகாப்புக் கவசம், காயம்பட்டால் எந்த மருத்துவமனை, மறுநாள் வேலை உண்டா என்ற கேள்விக்கெல்லாம் இரு வகையினருக்கும் இருவேறு பதில்.

தல்லி–ராஜ்ஹரா சொன்ன கணக்கு

இந்தப் பிளவை முதலில் உரக்கச் சொன்ன இடம் பிலாயின் தாதுச் சுரங்கம். தல்லி–ராஜ்ஹராவில் ஆயிரக்கணக்கானோர் கான்ட்ராக்டரிடம் கைவேலை செய்தார்கள். ஆண் கல்லை உடைப்பான்; பெண் கூடையில் சுமந்து லாரியில் கொட்டுவாள். ஏறக்குறைய பாதிப்பேர் பெண்கள். பெரிய சங்கங்கள் நிரந்தரத் தொழிலாளிக்குப் பேசி முடித்த போனஸில் தங்களுக்கு மிகக் குறைந்த தொகையே வந்ததைக் கண்டு, 1977இல் இவர்கள் தனிச் சங்கம் கண்டார்கள். தலைமைக்கு வந்தவர் சங்கர் குஹா நியோகி. முன்பு பிலாயின் கோக் அடுப்புப் பிரிவில் வேலை செய்து, நீக்கப்பட்டவர்.

அவர்கள் கேட்டது என்ன? வேலை தராத நாளுக்கு ஒரு படி. மழைக்காலத்துக்கு முன் குடிசையைச் சரிசெய்ய, மூங்கிலும் கம்பும் வாங்க 100 ரூபாய். அரசு ஆலைக்குத் தாது கொடுக்கும் ஆட்களின் கோரிக்கை இதுதான். அந்தப் போராட்டத்தில், அதே 1977 ஜூன் 2, 3 தேதிகளில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் பதினோரு பேர் இறந்தார்கள். சங்கத் துணைத்தலைவி குசும்பாய் பிரசவத்தில் உரிய சிகிச்சையில்லாமல் இறந்தது அவர்களை உலுக்கியது. தொழிலாளர்கள் தங்கள் உழைப்பிலும் பணத்திலும் 1983இல் ஷஹீத் மருத்துவமனையைக் கட்டினார்கள். நிரந்தரத் தொழிலாளிக்கு நாட்டின் சிறந்த ஆலை மருத்துவமனைகளில் ஒன்றை வைத்திருந்த அதே பிலாயின் சுரங்கத்தில் இது நடந்தது. நியோகி 1991 செப்டம்பரில் பிலாயில் உறங்கும்போது சுட்டுக் கொல்லப்பட்டார்.

டாட்டாவின் வரலாற்றிலும் இப்படியொரு பக்கம் உண்டு. 2006 ஜனவரி 2 அன்று ஒடிசாவின் கலிங்கநகரில், டாட்டாவின் புதிய ஆலைக்கு மதில் கட்டுவதை எதிர்த்த ஆதிவாசிகள் 13 பேர் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார்கள். கூட்டத்தின் தாக்குதலில் ஒரு காவலரும் இறந்தார். ஜாம்ஷெட்பூரின் நூறாண்டு நற்பெயர் அந்த மதிலுக்கு அப்பால் நின்றவர்களுக்கு உதவவில்லை.

சுருங்கிய வட்டம்

1991க்குப் பிறகு இரண்டு ஆலைகளும் ஒரே திசையில் நடந்தன. டாட்டாவில் 1990களின் தொடக்கத்தில் 70,000க்கும் மேல் இருந்த ஆட்கள் அடுத்த பதினைந்து ஆண்டுக்குள் ஏறக்குறைய பாதியானார்கள். 1956 வாக்குறுதியை மீறாமல் அதைச் செய்ய ஒரு வழி கண்டார்கள்: முன்கூட்டியே விலகினால், ஓய்வு வயது வரை மாதாமாதம் பணம் வரும். விலகியவருக்கு இது தாராளமான ஏற்பாடு. ஆனால் நீண்ட சேவை முடித்தவரின் பிள்ளைக்குக் கிடைத்துவந்த வாரிசு வேலை கைவிட்டுப் போனது. பிலாயில் ஒருகாலத்தில் 60,000 வாக்கில் இருந்தவர்கள் விருப்ப ஓய்வாலும், காலியிடத்தை நிரப்பாததாலும் பாதியாகத் தேய்ந்தார்கள். இரண்டு இடத்திலும் உற்பத்தி குறையவில்லை, கூடியது. இயந்திரம் வந்தது ஒரு காரணம். விட்டுப்போன வேலையின் ஒரு பகுதி கான்ட்ராக்டரிடம் போனது இன்னொன்று. அப்பன் நிரந்தரம், மகன் ஒப்பந்தம் என்று ஒரே வீட்டில் இரண்டு வகை உண்டானது.

சட்டமும் இந்தப் போக்குக்கு வழிவிட்டது. 1970ஆம் ஆண்டு ஒப்பந்தத் தொழிலாளர் சட்டப்படி ஒப்பந்தமுறை ஒழிக்கப்பட்டால், அந்தத் தொழிலாளி தானாகவே நிரந்தரமாவாரா என்ற கேள்விக்கு, 2001இல் உச்ச நீதிமன்றம் ‘ஆகமாட்டார்’ என்றது. வழக்கில் வென்ற தரப்பு ஒரு தனியார் முதலாளியல்ல, செயில். முன்மாதிரி முதலாளி என்று சொல்லிக்கொண்ட அரசு நிறுவனம் வாங்கிய தீர்ப்பை நாட்டின் எல்லா முதலாளிகளும் பயன்படுத்திக்கொண்டார்கள்.

2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு, ஆலையின் மையப்பணிகளில் ஒப்பந்தத் தொழிலாளியை வைக்கக் கூடாது என்கிறது. கூடவே ஒரு விலக்கும் தருகிறது: அந்தப் பணி வழக்கமாகவே கான்ட்ராக்டர் மூலம் நடப்பதாக இருந்தால் வைக்கலாம். முப்பது ஆண்டாக டாட்டாவும் செயிலும் சேர்ந்து எதை வழக்கமாக்கினவோ, அதுவே இனி அனுமதி. ஆகவே டாட்டாவா, அரசா என்று கேட்பவரிடம் திருப்பிக் கேட்க வேண்டியவை இரண்டு: ஒரு டன் எஃகுக்குப் பின்னால் நிற்கும் ஆட்களில் எத்தனை பேர் பெயர் நிறுவனத்தின் சொந்தச் சம்பளப் பட்டியலில் இருக்கிறது? மற்றவர்கள் பேரம் பேச எந்த மேசை இருக்கிறது? இந்த இரண்டுக்கும் ஜாம்ஷெட்பூரும் பிலாயும் தரும் பதிலில் பெரிய வேறுபாடு இல்லை.