ஏழு கோடுகளில் பத்து எண்கள்

கடைத் தராசு, பெட்ரோல் பங்க், லிஃப்ட்... எங்கே பார்த்தாலும் அதே சிவப்பு எண்கள். கிட்டப் போய்ப் பார்த்தால் அங்கே எண் எதுவும் இல்லை. 8 போல அடுக்கிய ஏழு கோடுகள்தான்! எது எரிகிறது, எது எரியவில்லை என்பதில் எண் பிறக்கிறது.

இந்த யோசனை எல்.ஈ.டி.யை விட வயதில் மூத்தது. 1910-ல் அமெரிக்காவில் ஃபிராங்க் வுட் பெற்ற காப்புரிமையில் எட்டுக் கோடுகள் இருந்தன. எட்டாவது சாய்வுக் கோடு 4-க்காக. 1969-ல் நிலவுக்குப் போன அப்பல்லோ கணினியிலும் இதே கோடுகள்தான். ஆனால் எல்.ஈ.டி. இல்லை, பச்சையாக ஒளிரும் பலகை. அதை இயக்கியவை ரிலேக்கள்.

கண்ணுக்குத் தெரியும் சிவப்பு எல்.ஈ.டி.யை 1962-ல் நிக் ஹோலோன்யாக் செய்து காட்டினார். பத்தே ஆண்டில் அது கைக்கடிகாரத்துக்கு வந்துவிட்டது. 1972-ல் விற்பனைக்கு வந்த தங்கப் பல்சரின் விலை 2,100 டாலர். அதிலும் பொத்தானை அழுத்தினால்தான் மணி தெரியும். சதா எரிந்தால் பாட்டரி தாங்காது!

சரி, இந்த எல்.ஈ.டி.க்களை எரிய வைப்பது யார்? அந்தக் கால டி.டி.எல். ஐ.சி.க்களுக்கு ஒரு குணம் உண்டு. மின்சாரத்தை உள்ளே இழுப்பதில் பலசாலி (16 மில்லிஆம்பியர்), வெளியே தள்ளுவதில் நோஞ்சான் (வெறும் 0.4). அதனால் 7447 என்ற பிரபலமான டிரைவர் ஐ.சி. கோடுகளின் மின்சாரத்தை உள்ளே இழுக்கும்படியே அமைந்தது. அதற்கு ஏற்றது காமன் ஆனோடு டிஸ்ப்ளே, அதாவது எல்லாக் கோடுகளின் பிளஸ் முனையும் ஒன்றாக இணைந்த வகை.

பிறகு வந்த மேக்ஸ் 7219 கதையையே மாற்றியது. 8 இலக்கங்கள், புள்ளியோடு சேர்த்து 64 எல்.ஈ.டி.க்கள். தனித்தனியாக இணைத்தால் 65 ஒயர்கள் வேண்டும். இது இலக்கங்களை ஒவ்வொன்றாக, படுவேகமாக எரிய விட்டு நம் கண்ணை ஏமாற்றுகிறது. டிஸ்ப்ளே பக்கம் 16 ஒயர், கட்டுப்படுத்தும் பக்கம் மூன்றே சிக்னல் ஒயர். வெளிச்சத்தை நிர்ணயிக்க ஒரே ரெசிஸ்டர். ஆனால் இதற்கு வேண்டியது காமன் கேத்தோடு!

பழுதான டிஸ்ப்ளேயை மாற்றுபவர் மாட்டிக்கொள்வது இங்கேதான். இரண்டு வகையும் வெளியே பார்க்க அச்சு அசல் ஒன்றுதான், உள்ளே நேர் எதிர். மல்ட்டிமீட்டரை டயோடு சோதனையில் வைத்து, சிவப்பு முனையைப் பொதுக் காலிலும் கறுப்பை இன்னொரு காலிலும் தொட வேண்டும். எரிந்தால் ஆனோடு வகை. முனைகளை மாற்றினால்தான் எரிகிறது என்றால் கேத்தோடு. ஆனோடு வகைதான் கைவசம் இருக்கிறதா? பொதுக் கால்களை ஐ.சி.யின் கோடு முனைகளிலும், கோடுகளை இலக்க முனைகளிலும் இணைக்கலாம். ஆனால் எண்களைக் கோடுகளாகப் பிரிக்கும் வேலையை புரோகிராமே செய்ய வேண்டும்.

ஒரு கோடுதானே போயிற்று, எதற்கு மாற்ற வேண்டும் என்கிறீர்களா? மேல் வலது கோடு அணைந்தால் 8 என்பது 6 ஆகிவிடும். நடுக்கோடு அணைந்தால் 0. தராசில் 80 ரூபாய் 60 ரூபாயாகத் தெரிந்தால் நஷ்டம் கடைக்காரருக்கு!

அதனால்தான் பல கருவிகள் ஆன் செய்ததும் வரிசையாக 8 காட்டுகின்றன. அடுத்த முறை கடையில் அதைக் கொஞ்சம் கவனியுங்கள். அந்த ஒரு நொடியில் ஏழு கோடுகளும் வருகைப் பதிவு கொடுக்கின்றன.