டீசல் வண்டியின் எண்ணெய்க் கணக்கு

1897ஆம் ஆண்டு பெப்ரவரி 17ஆம் நாள் ஜேர்மனியின் அவுக்ஸ்பேர்க் நகரத்து இயந்திரத் தொழிற்சாலையொன்றிலே ஒரு சோதனை நிகழ்ந்தது. மியூனிக் நகரத்துப் பேராசிரியர் மோரிட்ஸ் சுரோட்டர் என்பார், ஏறக்குறைய மூன்று மீற்றர் உயரமுள்ள ஒற்றை உருளை இயந்திரமொன்றை இயக்குவித்து, அது உண்ட எண்ணெயையும் ஈந்த வேலையையும் நுணுகி அளந்தார். எண்ணெயிலிருந்த வெப்பத்தில் நூற்றுக்கு 26.2 பங்கு வேலையாக மாறிற்று என்பது அவர் கண்ட முடிவு. அந்நாளிற் சாதாரண நீராவி இயந்திரங்கள் நிலக்கரியின் வெப்பத்திற் பத்திலொரு பங்கைக்கூட வேலையாக்கித் தந்ததில்லை. எஞ்சியது வீணாய்ப் போயிற்று.

அவ்வியந்திரத்தை ஆக்கியவர் ருடோல்ப் டீசல். 1858இற் பாரிஸ் நகரில் ஜேர்மானியப் பெற்றோருக்குப் பிறந்தவர். மியூனிக்கில் மாணவராயிருந்த காலத்தில், நீராவி இயந்திரம் எவ்வளவு வெப்பத்தை வீணாக்குகின்றது என்று ஆசிரியர் கார்ல் லிண்டே விரிவுரையிற் கூறக் கேட்டார். அச்செய்தி அவருள்ளத்தைத் தைத்தது. நல்ல ஆசிரியர் ஒருவரின் ஒரு மணி நேரப் பேச்சு ஒரு வாழ்க்கையையே திருப்பிவிடுவதுண்டு.

டீசலின் வழி எளிய உண்மையொன்றிலிருந்து பிறந்தது. சைக்கிளுக்குக் காற்றடிப்போர், குழாயின் அடிப்பாகம் சுடுவதை அறிவர். காற்றை நெருக்கினால் அது வெம்மையுறும். பெற்றோல் இயந்திரத்திலோ, வழக்கமாக எரிபொருளையும் காற்றையும் முன்னரே கலந்து பின்னரே நெருக்குவர். அளவுகடந்து நெருக்கினால், மின்பொறி மூட்டியபின் இன்னும் எரியாதிருக்கும் கலவை தானே வெடித்து இயந்திரத்தை இடிக்கும். ஆகவே 1930களின் பெற்றோல் கார்களில் ஏறக்குறைய ஆறு மடங்கு நெருக்கமே இயன்றது. டீசல் வெறுங்காற்றை மட்டும் அதனினும் மிகுதியாக நெருக்கி, அது தணலாய்ச் சூடேறிய பின்னரே எண்ணெயைப் பீச்சுவித்தார். எண்ணெய் மின்பொறியின்றித் தானே பற்றிக்கொண்டது. எவ்வளவு நெருக்கப்பட்டதோ அவ்வளவுக்கு விரிவும் உண்டு. விரிவு மிகுந்தால், ஒரே அளவு வெப்பத்தினின்று பெறும் வேலையும் மிகும்.

இன்னுமொரு நயமுண்டு; அதனைப் பலர் கவனிப்பதில்லை. பெற்றோல் காரின் வேகத்தைக் குறைக்கும்போது, உட்செல்லும் காற்றின் வழியை அடைப்பிதழ் ஒன்று ஒடுக்குகின்றது. மூச்சை இறுக்கிப் பிடித்தபடி வேலை செய்பவனைப் போல இயந்திரம் வருந்தி இழுக்கின்றது. டீசல் இயந்திரத்தில் எண்ணெயின் அளவை மாத்திரம் குறைத்தாற் போதும். ஆதலால் அதன் சிக்கனம் மெதுவாய் ஊர்ந்தும் நின்றும் செல்லும் நகரத் தெருக்களிலேயே மிகுதியாகப் புலப்படும். டாக்சிக்காரர் அதனை விரும்பியதன் காரணம் இதுவே.

எனினும் டீசலின் இயந்திரம் காரிலேற நெடுங்காலஞ் சென்றது. எண்ணெயைப் பீச்சுதற்கு அக்காலம் கனத்த காற்றழுத்திகள் வேண்டியிருந்தன. கப்பலும் மின்நிலையமும் அச்சுமையைத் தாங்கும். கார் எவ்வாறு தாங்கும்? பொஷ் நிறுவனம் 1927இற் சிறிய பீச்சுபம்பிகளைத் தொகையாக ஆக்கத் தொடங்கியதன் பின்னரே வழி திறந்தது. டீசல் அதனைக் காண உயிரோடிருக்கவில்லை. 1913 செப்டம்பர் 29 இரவு, இங்கிலாந்துக்குச் சென்ற கப்பலிலிருந்து அவர் காணாமற் போனார்.

1936இற் பேர்ளின் மோட்டார் கண்காட்சியில் மேர்சிடிஸ் பென்ஸ் 260டீ என்னும் கார் வைக்கப்பட்டது. 45 குதிரைவலு, 100 கிலோமீற்றருக்கு ஏறக்குறைய 9.5 லீற்றர் டீசல். அதையொத்த பெற்றோல் கார் 13 லீற்றர் வரை குடித்தது. இரைச்சலும் அதிர்வும் மிக்க அந்தக் காரை 1940 வரையில் ஏறத்தாழ 2000 எண்ணிக்கையிலேயே செய்தனர்.

இங்கே நேயர்கள் சற்று நின்று கணக்கைப் பார்த்தல் வேண்டும். 13 லீற்றர் 9.5 ஆயிற்று எனின், சேமிப்பு நூற்றுக்கு 27. ஆனால் டீசல் பெற்றோலினும் கனத்தது. ஒரு லீற்றரில் அடங்கும் வெப்பம் ஏறக்குறைய எட்டிலொரு பங்கு கூடியது. நிறுக்கவேண்டிய பொருளை முகந்தளந்தால் வரும் மயக்கமே இது. வெப்பத்தால் அளந்தால், 9.5 லீற்றர் டீசல் 10.7 லீற்றர் பெற்றோலுக்குச் சமம். எனவே இயந்திரத்தின் உண்மையான சேமிப்பு நூற்றுக்கு 18 அளவே. எஞ்சியது எண்ணெயின் கனத்தால் வந்த புகழ். ஒரு லீற்றர் எரிந்து விடும் கரியமிலவாயுவும் பெற்றோலுக்கு 2.3 கிலோ, டீசலுக்கு 2.6 கிலோவிற்கு மேல்.

அரசாங்க வரி மற்றொரு மயக்கத்தை உண்டாக்கிற்று. லொறிகளையும் உழவரையும் கருதி ஐரோப்பிய நாடுகள் பல டீசலுக்குக் குறைந்த வரி விதித்தன. இலங்கையிலும் டீசல் நெடுங்காலம் பெற்றோலினும் மலிவாக விற்கப்பட்டது. சுமையேற்றுவோருக்கு வைத்த சலுகையைச் சொகுசுக் காருடையோரும் அனுபவித்தனர்.

1973இன் எண்ணெய் நெருக்கடி சிக்கனத்தை உலகெங்கும் பேச்சாக்கிற்று. வொக்ஸ்வாகன் நிறுவனம் 1976இல் 50 குதிரைவலுக் கொண்ட கொல்ப் டீசலை வெளியிட்டது. சாதாரண குடும்பத்தார் கைக்கெட்டிய டீசல் கார் அது. அமெரிக்காவில் 1978இல் வந்த ஓல்ட்ஸ்மொபைல் டீசலுக்கோ நற்பேறில்லை. பெற்றோல் இயந்திரத்தின் வடிவைத் தழுவிச் செய்யப்பட்ட அதன் தலைமூடி ஆணிகள் டீசலின் அழுத்தத்தைத் தாங்காது தளர்ந்தன. 1985இல் அது கைவிடப்பட்டது. அமெரிக்கர் டீசல் காரென்றாலே அஞ்சலாயினர்.

ஐரோப்பாவிலோ 2011 அளவில் மேற்கு நாடுகளின் புதிய கார்களிற் பாதிக்கு மேற்பட்டவை டீசல் கார்கள். அதற்குள் வேறொரு கடன் ஏறியிருந்தது. நெருக்கிய காற்றின் கடும் வெம்மை சிக்கனத்தைத் தந்தது. அதே வெம்மையே காற்றிலுள்ள நைதரசனையும் எரித்து நச்சு ஒட்சைட்டுகளை ஆக்கிற்று. பெற்றோல் காரின் வினையூக்கிக் குடுவை அவற்றை எளிதில் மாற்றிவிடும். டீசற் புகையில் ஒட்சிசன் மிஞ்சியிருத்தலால் அக்குடுவை அங்கே பயன்படாது. வேறு கருவிகள் வேண்டும், செலவு கூடும். 2012இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வுப்பிரிவு, டீசற் புகை புற்றுநோய் விளைப்பதென அறிவித்தது.

2015 செப்டம்பர் 18 அன்று, வொக்ஸ்வாகன் கார்களிற் களவான கணினி நிரல் உளதென்று அமெரிக்கச் சூழல் பாதுகாப்பு நிறுவனம் வெளியிட்டது. சோதனை நடக்கும்போது கார் அதை உணர்ந்து புகையைத் தூய்தாக்கும். தெருவுக்கு வந்ததும் விட்டுவிடும். சில கார்கள் தெருவிலே அனுமதித்த அளவின் 40 மடங்கு வரை நைதரசன் ஒட்சைட்டைக் கக்கின. இத்தகைய நிரலுடன் உலகெங்கும் ஓடியவை ஏறக்குறைய 110 இலட்சம் கார்கள். அவற்றை வாங்கியோரிற் பலர், தூய்மையும் சிக்கனமும் ஒருங்கே கிடைக்குமென்று நம்பி வாங்கியவர்கள்.

அதன்பின் டீசல் கார்களின் விற்பனை ஐரோப்பாவில் விரைந்து சரிந்தது. 1997இல் யப்பானிற் பிறந்த டொயோட்டா பிரையஸ் முதலாய கலப்பின வண்டிகள், டீசல் தனக்கே உரியதாய்க் கொண்டிருந்த நகரத் தெருவின் சிக்கனத்தைக் கைப்பற்றிக்கொண்டன. நெடுந்தொலை ஓடும் லொறிகளிலும் கப்பல்களிலும் டீசலின் ஆட்சி நிலைபெற்றுள்ளது. கடலோடும் பெருங்கப்பல்களின் மெதுவியந்திரங்கள், அவுக்ஸ்பேர்க்கில் அளந்த 26.2இன் இடத்தில், இன்று எண்ணெயின் வெப்பத்தில் நூற்றுக்கு 50 பங்கையும் வேலையாக்குகின்றன.