சும்மா இராத கை

2017 கோடையில் ஜெர்மனியின் ஃப்ராங்க்ஃபர்ட் விமான நிலையச் சுங்க இலாகா, சீனாவிலிருந்து வந்திறங்கிய 35 டன் ஃபிட்ஜெட் ஸ்பின்னர்களைத் தடுத்துவைத்து, நசுக்கி அழிக்கப்போவதாக அறிவித்தது. மூன்று இதழ், நடுவே ஒரு பால் பேரிங். இரண்டு விரல்களுக்கிடையே பிடித்து ஒரு தட்டு தட்டினால் நிமிஷக் கணக்கில் சுழலும் பொம்மை. கழன்று விழும் சிறு பாகங்களைக் குழந்தைகள் விழுங்கிவிடக்கூடும் என்பது அதிகாரிகள் சொன்ன காரணம். நியாயமான காரணம்தான். ஆனால் இது நடந்த ஊர் ஃப்ராங்க்ஃபர்ட் என்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது.

1844 கிறிஸ்துமஸுக்குத் தன் மூன்று வயது மகனுக்குப் படப் புத்தகம் தேடி, எதுவும் பிடிக்காமல், வெற்று நோட்டுப் புத்தகத்தை வாங்கிவந்து தானே எழுதி வரைந்த ஹைன்ரிஷ் ஹோஃப்மன் இந்த ஊர் வைத்தியர். மறு வருஷம் அச்சான அந்தப் புத்தகத்தில் கொஞ்ச காலத்துக்குள் சேர்ந்துகொண்டவன் ஃபிலிப். சாப்பாட்டு மேஜையில் சும்மா உட்கார முடியாத பையன். நாற்காலியை ஆட்டி ஆட்டி, கடைசியில் மேஜை விரிப்போடு, சாப்பாட்டோடு, தரையில் விழுகிறான். இன்றைக்கு ஜெர்மானியர் பேச்சில் ஏ.டி.ஹெச்.டி. எனப்படும் கவனக் கோளாறுக்கு இவன் பெயரே வழங்குகிறது. ஹோஃப்மன் பின்னால் ஊர் மனநல விடுதியின் தலைவராகவும் ஆனவர். ஆகவே அந்நோயை முதலில் கண்டு சொன்னவர் அவர்தான் என்று சிலர் எழுதுகிறார்கள். எனக்கு இதில் சம்மதமில்லை. கதையில் நோய் இல்லை. மேஜையும் அப்பாவும்தான் இருக்கிறார்கள்.

அலைபாயும் கைகாலைக் குறிக்க ஆங்கிலத்துக்கு 'ஃபிட்ஜெட்' என்று ஒரு சொல் இருக்கிறது. நம்மிடம் அதற்கு நேரான பெயர்ச்சொல் இல்லை. கட்டளைதான் இருக்கிறது: சும்மா இரு. வகுப்பில் சொன்னால் அதட்டல், சித்தர் சொன்னால் உபதேசம். இரண்டுக்கும் வேறு வேறு சொற்கள் வேண்டும் என்று நமக்குத் தோன்றவில்லை.

ஸ்பின்னர் பள்ளிக்கூடத்தில் பிறந்த வஸ்து அல்ல என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். 2014 வாக்கில் அமெரிக்காவில் ஸ்காட் மெக்காஸ்கரி என்பவர், கம்ப்யூட்டர் வேலையில் முடிவில்லாத கூட்டங்களிலும் தொலைபேசி ஆலோசனைகளிலும் உட்கார்ந்திருக்கும் அவஸ்தைக்காகத் தனக்கென ஒரு உலோகச் சுழலியைச் செய்துகொண்டார். அது நூற்றுக்கணக்கான டாலருக்கு விலைபோயிற்று. 2016இல் பொத்தான்களும் சக்கரங்களும் பதித்த ஃபிட்ஜெட் க்யூபுக்கு, அது உற்பத்தியாகும் முன்பே கிக்ஸ்டார்ட்டரில் சுமார் 64 லட்சம் டாலர் சேர்ந்தது. அதே டிசம்பரில் ஃபோர்ப்ஸ் பத்திரிகை ஸ்பின்னரை வரும் வருஷத்து அலுவலக விளையாட்டுப் பொருள் என்று சிபாரிசு செய்தது. பெரியவர்கள் மேஜையில் அது ஒரு குற்றமாக இல்லை. யோசனைக்குத் துணை என்றுகூடச் சொன்னார்கள். ஐந்து மாதம் கழித்து, 2017 மேயில், சில டாலர் பிளாஸ்டிக்காக அது குழந்தைகள் கைக்கு வந்ததும், அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் பள்ளி பள்ளியாகத் தடை. வஸ்து மாறவில்லை. கை மாறிற்று.

இதற்கு ஒரு புராணமும் உண்டாயிற்று. ஃப்ளோரிடாவைச் சேர்ந்த காதரின் ஹெட்டிங்கர் என்ற பெண்மணி 1993இல் ஒரு சுழலும் பொம்மைக்குக் காப்புரிமை கேட்டார். 1997இல் கிடைத்தது. ஹாஸ்ப்ரோ கம்பெனி பரீட்சித்துப் பார்த்துவிட்டு வேண்டாம் என்றது. 2005இல் புதுப்பிக்க 400 டாலர் இல்லாமல் உரிமையை விட்டுவிட்டார். கோடிகளை இழந்த ஏழைக் கண்டுபிடிப்பாளர் என்று பத்திரிகைகள் கண்ணீர் வடித்தன. அவருடைய பொம்மையின் படத்தைப் பார்த்தால் விஷயம் வேறு. அது விரல்நுனியில் வைத்துச் சுழற்றும் ஒரு கவிழ்ந்த தட்டு. பேரிங் கிடையாது. தவிர, 400 டாலரைக் கட்டியிருந்தாலும் அந்த உரிமை 2014இல் தானாகவே காலாவதியாகியிருக்கும். பத்திரிகைகளுக்குக் கதை வேண்டியிருந்தது. ஒரு வஸ்துவுக்குத் தாய் இல்லை என்பதை ஒப்புக்கொள்வது சிரமம்.

பேரிங்கைத்தான் நான் வற்புறுத்த விரும்புகிறேன். ஸ்கேட்போர்டுச் சக்கரத்தில் இருக்கும் அதே 22 மில்லிமீட்டர் பேரிங். கலிஃபோர்னியாவில் ஜீன் ஏயர்ஸ் 1972இல் புலன் ஒருங்கிணைப்பு பற்றிப் புத்தகம் எழுதினார். அந்த வழியில் வந்த தொழில்வழிச் சிகிச்சையாளர்கள் அமைதியற்ற குழந்தைகளுக்குக் கொடுத்துவந்தவை மிகச் சாதாரணமானவை: பிசைய ஒரு ரப்பர் பந்து, மேஜைக்கடியில் ஒட்டிய சொரசொரப்பான பட்டை, நாற்காலிக் கால்களுக்கிடையே கட்டிய இழுபட்டை. இவற்றில் கைக்கோ காலுக்கோ ஓயாத வேலை. கண் சும்மா இருக்கும். பார்க்க அங்கே ஒன்றுமில்லை. ஸ்பின்னரில் இது தலைகீழ். கைக்கு ஒரு தட்டுதான் வேலை. அப்புறம் விரல்கள் ஒரு தாங்கி, அவ்வளவே. சுழல்வது பேரிங், பார்த்துக்கொண்டிருப்பது கண். குழந்தை செய்யவேண்டிய துறுதுறுப்பை இரும்பு செய்துகொடுக்கிறது.

ஆய்வுகளும் ஏறக்குறைய இதையேதான் சொல்கின்றன. கவனக் கோளாறு உள்ள சிறுவர்கள் உடம்பை அதிகம் அசைக்கும்போது நினைவுச் சோதனைகளை நன்றாகவே செய்கிறார்கள் என்று 2015இல் மத்திய ஃப்ளோரிடா பல்கலைக்கழகத்தார் கண்டார்கள். அந்தக் கோளாறு இல்லாதவர்களிடம் இதற்கு நேர்மாறான பலன். 2017இல் மருத்துவ நூல்களைப் புரட்டிப் பார்த்த குழந்தை வைத்தியர்கள், ஸ்பின்னர் கவனத்தைக் கூட்டும் என்ற விளம்பரத்துக்கு ஆதாரம் ஒன்றும் அகப்படவில்லை என்றார்கள். மறு வருஷம், அத்தகைய சிறு குழந்தைகளிடமே கொடுத்துப் பார்த்தபோது கவனம் குறைந்தது. வியாபாரி கவலைப்படவில்லை. உடல் அசைவைப் பற்றிய உண்மையை எடுத்து அட்டைப் பெட்டியின்மேல் ஒட்டிவிட்டான். முன்னெல்லாம் யோயோவோ பம்பரமோ வகுப்புக்குள் திருட்டுத்தனமாக நுழைந்தது, பிடிபட்டது, பறிபோயிற்று. எந்தப் பையனும் பம்பரம் தனக்கு மருந்து என்று வாதாடியதில்லை. ஸ்பின்னர்தான் வைத்தியச் சீட்டோடு வந்த முதல் மோகம்.

ஆசிரியர்களைக் குறை சொல்ல நான் தயாரில்லை. முப்பது ஸ்பின்னர்கள் இரையும் அறையில் பாடம் நடத்தமுடியாது. ஆனால் தடை யார்மேல் விழுந்தது என்று பார்க்கவேண்டும். மோகம் வருமுன், வகுப்புக்கு ஒன்றிரண்டு குழந்தைகள் மேஜைக்கடியில் எதையாவது பிசைந்துகொண்டிருந்தார்கள். ஆசிரியருக்குத் தெரியும். மற்றவர்கள் கவனிக்கவில்லை, அல்லது கவனித்து மறந்துவிட்டார்கள். 2017 வசந்தத்தில் சில வாரங்கள் எல்லோர் கையிலும் ஒன்று இருந்தது. அந்த ஒன்றிரண்டு பேர் முதல்முறையாக மற்றவர்களைப் போல இருந்தார்கள். பிறகு பொதுத் தடை, வைத்தியர் கடிதம் கொண்டுவருபவர்களுக்கு மட்டும் விலக்கு. தடைக்குப் பின் வகுப்பில் ஒரு பையன் கையில் மட்டும் அது சுழன்றால் அதற்கு என்ன அர்த்தம் என்று முப்பது பேருக்கும் தெரியும். பேசாமல் வீட்டிலேயே வைத்துவிட்டு வருவதுதான் அவனுக்குக் கௌரவம். ஹோஃப்மன் காலத்து ஃபிலிப் விழுந்தபோது அப்பா அம்மா மட்டும்தான் பார்த்தார்கள்.

கோடை விடுமுறைக்குள் மோகம் இறங்கிவிட்டது. 2021இல் அடுத்தது வந்தது: பாப் இட். சிலிகான் பலகையில் வரிசையாகக் குமிழ்கள், அழுத்தினால் 'ப்ளப்' என்று மறுபக்கம் புடைக்கும். இதற்கு உண்மையாகவே ஒரு தாய் இருந்தாள். இஸ்ரேலில் விளையாட்டுகளை வடிவமைத்துவந்த தம்பதி தியோ கோஸ்டர், ஓரா கோஸ்டர். மார்பகப் புற்றுநோயில் சகோதரியைப் பறிகொடுத்த ஓரா, ஒரு வயல் நிறைய மார்பகங்களைக் கனவில் கண்டு, அதைச் செய்துகொடு என்று கணவரிடம் கேட்டார். 1975 வாக்கில் தியோ ரப்பரில் செய்துகொடுத்தார். தியோ ஆம்ஸ்டர்டாம்காரர். நாஜி ஆக்கிரமிப்பில் யூதக் குழந்தைகளைப் பிரித்து உட்காரவைத்த பள்ளியில் ஆன் ஃப்ராங்கின் வகுப்புத் தோழர். அந்த வகுப்பில் ஒவ்வொரு இடமாகக் காலியாவதைப் பார்த்தவர். 2019இல் இறந்துபோனார். மோகத்தைக் காண இல்லை.

அவர் செய்தபோது அது இருவர் ஆட்டம். மாறி மாறி அழுத்தவேண்டும். ஒரு முறைக்கு ஒரே வரிசையில் எத்தனை வேண்டுமானாலும். கடைசிக் குமிழ் யாருக்கு வருகிறதோ அவர் தோற்றார். மூளைக்கு வேலை உண்டு, எதிரே ஒரு ஆள் வேண்டும். வகுப்பறைக்கு வந்துசேர்ந்ததில் விதியும் இல்லை, ஆளும் இல்லை. மேஜைக்கடியில் ஒரு கை எல்லாக் குமிழையும் அழுத்தி முடிக்கிறது, பலகையைத் திருப்பிப் போட்டு முதலிலிருந்து ஆரம்பிக்கிறது.