சிம்பலும் ஒரு சிம்பொனியும்



இல்ல விளையாட்டுப் போட்டிக்கு எங்கள் பிள்ளைகள் பேண்ட் ஒத்திகை பார்க்கிறார்கள். சிம்பல் அடிக்கிற மாணவன் கேட்டான்: "சேர், இதெல்லாம் வெள்ளைக்காரன்ட சாமான்தானே?" அவனுக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன்.

உஸ்மானியத் துருக்கியரின் படை இசைக்குழுவுக்கு மெஹ்தர் என்று பெயர். பெரிய முரசும் சிம்பலும் அதில் முக்கியமானவை. 18ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியப் படைகள் அதைப் பார்த்துத்தான் தங்கள் பேண்டிலும் இவற்றைச் சேர்த்துக்கொண்டன. பிறகு இசை மண்டபத்துக்குள்ளும் இவை நுழைந்தன.

ஜோசப் ஹைடனின் 100ஆவது சிம்பொனி நல்ல உதாரணம். 1794 மார்ச் 31இல் லண்டனில் முதன்முதலில் வாசிக்கப்பட்டது. 'மிலிட்டரி' என்றே அதற்குப் பெயர். சிம்பொனி என்றால் பொதுவாகப் பாட்டில்லாமல் வாத்தியங்கள் மட்டும் சேர்ந்து வாசிப்பது. இதில் நான்கு பகுதிகள். இரண்டாவது பகுதி மென்மையான மெட்டோடு தொடங்கும். திடீரென்று பெரிய ட்ரம், சிம்பல், முக்கோணக் கம்பி மூன்றும் இடிக்கும். பழைய மெட்டு திரும்பி வரும். ஆனால் அடுத்த இடி எப்போது என்று காது காத்திருக்கும். கடைசியில் ஒரு ட்ரம்பெட் தனியாக அழைக்கும். முரசொலி சிறிதாகத் தொடங்கிப் பெருகும். முழு இசைக்குழுவும் ஒரேயடியாக வெடிக்கும்.

அப்போது பிரித்தானியா பிரான்சோடு யுத்தத்தில் இருந்தது. மண்டபத்தில் இருந்தவர்களுக்கு அந்தச் சத்தத்தை விளக்கத் தேவையில்லை. அடுத்த வருடம் ஒல்லாந்து பிரான்சின் கைக்குள் போனது. ஒல்லாந்தரின் துறைமுகங்களும் அப்படிப் போய்விடக் கூடாது என்று பிரித்தானியப் படை 1795 ஆகஸ்டில் திருகோணமலைக் கோட்டையைப் பிடித்தது. லண்டனில் இசையாகக் கேட்ட யுத்தம் 17 மாதத்தில் எங்கள் கடற்கரைக்கே வந்துவிட்டது.

2006 ஆகஸ்டில் மூதூரிலிருந்து கந்தளாய்க்குப் போன சனத்தில் நானும் ஒருவன். அப்போது பாடசாலைப் பிள்ளை. கதவு காற்றில் அடித்துச் சாத்தினால் உம்மா இன்றைக்கும் திடுக்கிடுவா. அதனால்தான் அந்த இரண்டாவது பகுதியில் எனக்கு இடியை விட, இடிக்கு இடையில் வரும் அந்த மென்மையான மெட்டுத்தான் நெஞ்சைப் பிசைகிறது. அந்தக் காத்திருப்பு எங்களுக்குப் பழக்கமானது.

கதை முடிந்ததும் மாணவன் சிரித்தான்: "அப்ப இது நம்மட சாமான், சேர்!"

"யுத்தத்துக்கு அடிச்ச சாமான்டா. நீ அத விளையாட்டுக்கு அடிக்கிறாய். அதுதான் பெரிய விசயம்" என்றேன்.

நேரம் கிடைத்தால் அந்த இரண்டாவது பகுதியைக் கேட்டுப் பாருங்கள். விளையாட்டுப் போட்டிக்கும் வாருங்கள். பிள்ளைகள் நன்றாகவே அடிக்கிறார்கள்.