முழுநிலவில் ஒரு கரிய கோடு – 3

வாசலுக்கு வெளியே

1246 அக்டோபர் 16. லியேஜ் மறைமாவட்ட ஆயர் ராபர்ட், ஃபோஸ் என்னும் சிற்றூரில் கண்மூடினார். நற்கருணைக்கென ஆண்டுதோறும் தனி விழா எடுக்கவேண்டும் என்று அந்த ஆண்டில்தான் தம் மறைமாவட்டம் முழுவதற்கும் அவர் ஆணையிட்டிருந்தார். ஆணை எழுதியாயிற்று. ஆனால் விழா ஒருமுறைகூட நடக்கவில்லை. அதற்குள் ஆணையிட்டவர் போய்விட்டார்.

சென்ற வாரங்களில் கண்டதைச் சுருக்கமாக நினைவுகூர்வோம். லியேஜ் நகருக்கு அருகே, கோர்னியோன் மலையில் ஒரு தொழுநோயாளர் இல்லம். அதைச் சேர்ந்த ஒரு கன்னியர் மடம். ஐந்து வயதில் பெற்றோரை இழந்து அங்கே வளர்ந்த ஜூலியானா, பதினாறு வயதில் செபத்தின்போது ஒரு காட்சி கண்டார். முழுநிலவு, அதன் குறுக்கே ஒரு கரிய கோடு. நிலவு திருச்சபை, கோடு அதில் இல்லாத ஒரு விழா. அது நற்கருணைக்கான விழா என்று அவருக்கு விளங்கியது. ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அவர் வாய் திறக்கவில்லை. பிறகு இரண்டு தோழியரிடம் மட்டும் சொன்னார். ஒருவர் இசபெல்லா. மற்றவர் ஈவா, புனித மார்ட்டின் ஆலயத்தை ஒட்டிய சிற்றறையில் தம்மை அடைத்துக்கொண்டு வாழ்ந்த தனிமைத் துறவி. அந்த ஆலயத்துக் குரு ஜான் வழியாகக் கேள்வி இறையியல் அறிஞர்களிடம் போனது. தடையில்லை என்று சொன்னவர்களில் லியேஜின் தலைமைத் திருத்தொண்டர் ஜாக் பந்தலெயோனும் ஒருவர். இந்தப் பெயரை மனத்தில் வையுங்கள்.

எதிர்ப்பும் இருந்தது. தினந்தோறும் திருப்பலி நடக்கிறது. ஆண்டவர் நற்கருணையை ஏற்படுத்தியதை நினைவுகூரப் பெரிய வியாழன் இருக்கிறது. பிறகு எதற்கு இன்னொரு நாள் என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் பெரிய வியாழன் இரவு கெத்சமனியை நோக்கிப் போகும் இரவு. இராவுணவு முடிவதற்குள் காட்டிக்கொடுத்தல் தொடங்கிவிடுகிறது, விடிந்தால் சிலுவை. பெற்ற கொடையை எண்ணி மகிழ அந்த வாரத்தில் இடமேது? பாடுகளின் துயரமும் உயிர்ப்பின் ஆரவாரமும் கடந்த பிறகு, அதே போன்றதொரு வியாழக்கிழமையில், நிறைந்த மனத்தோடு நன்றி சொல்ல ஒரு நாள். ஜூலியானா கேட்டது அவ்வளவே. இன்று பல நாடுகளில் இந்த விழாவை ஞாயிறுக்கு மாற்றியிருந்தாலும், அதன் வேர் அந்த வியாழனில்தான் இருக்கிறது.

ஆயர் இறந்த மறு ஆண்டு, 1247இல், புனித மார்ட்டின் ஆலயக் குருக்கள் துணிந்து விழாவைக் கொண்டாடினார்கள். விழாவுக்கான செபங்களை ஜூலியானாவே கோர்னியோனின் இளம் துறவி ஒருவரின் உதவியோடு முன்பே தொகுத்து வைத்திருந்தார். கதிர்ப்பாத்திரம், தெருப் பவனி, மலர்க் கம்பளம் என்று இன்று நம் கண்ணில் நிற்கும் எதுவும் அன்று இல்லை. அவையெல்லாம் பின்னால் வந்து சேர்ந்தவை. அன்று இருந்தது ஓர் ஆலயமும் ஒரு திருப்பலியும்தான்.

விழாவுக்கு வாசல் திறந்த அதே நகரில் ஜூலியானாவுக்கு வாசல் மூடிக்கொண்டிருந்தது. கோர்னியோனின் மேலாளராக இருந்த ரோஜர், தொழுநோயாளர் இல்லத்தின் பணத்தைக் கையாடினார் என்று மடத்தின் தலைவியான ஜூலியானா மீது முன்பே பழி சுமத்தியவர். நகர மக்களையும் அவருக்கு எதிராகத் தூண்டிவிட்டவர். ஆயர் ராபர்ட் விசாரித்து ரோஜரை நீக்கி, ஜூலியானாவை மீண்டும் அமர்த்தியிருந்தார். அந்த ஆயர் இப்போது இல்லை. ரோஜர் திரும்பி வந்தார். 1248இல் ஜூலியானா சில தோழியரோடு கோர்னியோனை விட்டு வெளியேறினார். குழந்தையாக வந்து சேர்ந்த வீடு அது. அதற்குப் பின் அவர் அங்கே திரும்பவே இல்லை.

பத்து ஆண்டுகள் சிஸ்டர்சியன் மடங்களில் விருந்தாளியாகவே காலம் போனது. இடையில் ஒரு நல்ல செய்தி. அன்று தடையில்லை என்றவர்களில் இன்னொருவரான ஹூகோ, கர்தினாலாகி, திருத்தந்தையின் தூதராக லியேஜுக்கு வந்தார். புனித மார்ட்டின் ஆலயத்தில் தாமே விழாவைக் கொண்டாடி, 1252இல் தம் பொறுப்பிலிருந்த ஜெர்மானிய நாடுகளுக்கும் அதை விரிவாக்கினார். விழா எல்லைகளைத் தாண்டியது. அதைக் கேட்டு வாங்கியவர் தம் ஊருக்குள் நுழைய முடியாமல் இருந்தார்.

1258 ஏப்ரல் 5 அன்று, நற்கருணையைக் கண்முன் வைத்து ஆராதித்தபடியே ஜூலியானா உயிர்விட்டார். ஊர்? அதே ஃபோஸ். ஆயர் ராபர்ட் கண்மூடிய அதே சிற்றூர். உடல் வில்லேர் மடத்தில் அடக்கமானது.

ஆணையிட்ட ஆயர் போனார். கனவு கண்டவரும் போய்விட்டார். லியேஜில் மிஞ்சியது சிற்றறையில் அடைந்திருந்த ஈவாதான்.

மூன்று ஆண்டுகள் கழிந்தன. 1261 மே மாதம், இத்தாலியின் விதெர்போ நகரில் திருத்தந்தை நான்காம் அலெக்சாந்தர் இறந்தார். கர்தினால்கள் மொத்தம் எட்டுப் பேர். மூன்று மாதம் கூடிக்கூடிப் பேசியும் தங்களுக்குள் ஒருவரைத் தேர்ந்தெடுக்க அவர்களால் முடியவில்லை. கடைசியில் கர்தினாலே அல்லாத ஒருவரைத் தேர்ந்தெடுத்தார்கள். புனித நாட்டுக் கிறிஸ்தவர்களுக்கு உதவி கேட்டு வந்திருந்த எருசலேம் முதுபெரும் தந்தை அவர். பிரான்சின் துருவா நகரில் செருப்புத் தைத்தவரின் மகன்.

பெயர், ஜாக் பந்தலெயோன்!

ஆகஸ்ட் 29 அன்று அவர் நான்காம் உர்பான் ஆனார். அன்று லியேஜில் தலையசைத்ததை அவர் மறந்திருப்பாரா? நினைவூட்ட ஈவாவால் முடியுமா? அதற்கு விடை வரும் முன்பே, பொல்சேனா ஊரின் பீடத்தில் ஒரு குரு பிட்ட அப்பத்திலிருந்து இரத்தம் கசிந்ததாம்...

(அடுத்த வாரம்: பொல்சேனாவின் துகில்)