தாயிஃபார் கேட்ட தவணை

ஜாஹிலிய்யாக் கால அரபுகள் அல்லாஹ்வை அறியாதோர் என்றோர் எண்ணம் நம்மிடையே உண்டு. வரலாறு அவ்வாறு கூறவில்லை. வானங்களையும் பூமியையும் படைத்தவன் அவனே எனக் குறைஷியர் ஒப்பியதற்குத் திருக்குர்ஆனே சான்று. அப்துல் முத்தலிபின் மைந்தருள் ஒருவர் அப்துல்லாஹ். மற்றொருவர் அப்துல் உஸ்ஸா. பின்னவரையே நாம் அபூலஹப் என அறிவோம். ஒரே வீட்டில் அல்லாஹ்வின் அடிமையும் உஸ்ஸாவின் அடிமையும்!

இவ்விரண்டும் முரண்படுவதாக அவர்கள் கருதவில்லை. லாத், உஸ்ஸா, மனாத் என்பன அவர்கள் கருத்தில் இறைவனுக்குப் போட்டியல்ல, பரிந்துரைப்போரே. தல்பியாவில் இறைவனுக்கு இணையில்லை என முழங்கியபின், அவனுக்கு உடைமையான ஓர் இணையை மட்டும் விதிவிலக்காகச் சேர்த்துக்கொண்டனர் என ஸஹீஹ் முஸ்லிம் பதிவுசெய்கிறது. ஏகத்துவத்துக்கு விதிவிலக்கு! தவ்ஹீத் மறுத்தது இந்தச் சேர்க்கையைத்தான்.

ஹிஜ்ரி 9இல் இது நேரடியாகவே சோதிக்கப்பட்டது. இஸ்லாத்தை ஏற்க மதீனா வந்த தாயிஃபின் ஸகீஃப் குலத்தார், லாத்தை மூன்றாண்டுகள் இடியாது விடுமாறு வேண்டினர் என்று இப்னு இஸ்ஹாக் கூறுகிறார். நபி (ஸல்) அவர்கள் மறுக்கவே, ஓராண்டு ஓராண்டாகக் குறைத்து ஒரு மாதம்வரை இறங்கினர். அதற்கும் இசைவில்லை. தம் கையால் உடைக்க வேண்டா என்னும் சலுகை மட்டுமே கிட்டியது. தூதுவர் அஞ்சியது லாத்தையன்று, தம் ஊராரையே என நாம் கருதுகிறோம். அக்குலத்தவரான முஃகீரா இப்னு ஷுஃபா (ரலி) கோடரியை ஓங்கியபோது, ஸகீஃபின் பெண்கள் முக்காடின்றி வெளியே வந்து அழுதனர்.